அண்ணனின் பிறப்புக் காகிதம்

கண்டமங்கலத்தைத் தாண்டியதும் வலது செருப்பின் வார் அறுந்துவிட்டது. ஒற்றைச் செருப்போடு நடப்பதைவிட இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடப்பது சுலபம். இதை நான் முன்பே குண்டக்கல்லில் தெரிந்துகொண்டிருந்தேன். விழுப்புரத்திலிருந்து விடியும்போது கிளம்பியிருந்தேன். அங்கே ரயில் எஞ்சின் கொட்டகையில் ஏழு மாதமாக எஞ்சின் துடைக்கும் வேலை. பஞ்சுக் கழிவை எண்ணெயில் முக்கி வெளிப்பக்கத்தைத் துடைக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் ஃபிட்டர், "வெளிய அழுக்கு போயிடுச்சா, அத்த பாரு" என்பார். வேலையை விடுவதாக யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. தினக்கூலிக்காரன் மறுநாள் வராமல் இருந்தால் அதுவே ராஜினாமா.

புதுச்சேரிக்கு பஸ் இருந்தது. கையில் இருந்ததை ஃபோட்டோ எடுக்க ஒதுக்கியிருந்ததால் நடந்தேன். சட்டைப் பையில் நண்பனின் கடிதம் இருந்தது. அவன் என்னோடு பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன், டவுனில் ஒரு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தான். பிரான்ஸில் கடலோரத்து ஊர் ஒன்றில் ஒரு தொழிற்பள்ளி இருப்பதாகவும், அங்கே கப்பல் எஞ்சினும் மோட்டார் எஞ்சினும் கற்றுக்கொடுக்க எங்கள் ஊரிலிருந்து நாலைந்து பேரை எடுப்பதாகவும் எழுதியிருந்தான். ஒரு செமெஸ்தர், அதாவது ஆறு மாதம். போக வர கப்பல் அவர்கள் செலவு. இருபத்தோரு வயது நிறைந்திருக்கக் கூடாது. ஆரம்பப் பள்ளி முடிவில் எழுதுகிற செர்த்திபிகா பரீட்சையில் தேறியிருக்க வேண்டும். பிறப்புப் பதிவின் நகல், டாக்டர் சீட்டு, மூன்று ஃபோட்டோ. கடைசி வரியில், "நீ படிச்சி முடிச்சது அது ஒண்ணுதான், அதையே அவங்க கேக்கறாங்க" என்று எழுதியிருந்தான்.

உண்மைதான். அந்தப் பரீட்சைக்குப் பிறகு நான் எதையும் முடித்ததில்லை. பதினாலு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி ஆறு வருடமாக ஊர் ஊராக இருந்தேன். பிரான்ஸுக்குப் போக வேண்டும் என்று தோன்றியதற்கு முதல் காரணம், நான் போகாத ஊர்களில் அதுதான் ரொம்ப தூரம். இரண்டாவது காரணம் எஞ்சினின் உட்பக்கம்.

வழியில் பழைய சுங்கச் சாவடி கதவில்லாமல் நின்றது. முன்பெல்லாம் அங்கே மூட்டையைப் பிரித்துக் காட்ட வேண்டும். கொடி மாறி நாலு வருடம் ஆகிவிட்டது. ஆனால் நாங்கள் இந்தியரா பிரெஞ்சுக்காரரா என்பதைப் பெரிய இடங்களில் இன்னும் எழுதி முடிக்கவில்லை என்றார்கள். ஆபீஸ்களில் பழைய சட்டமே ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் இப்படி ஒரு கடிதம் எனக்கு வர முடிந்தது.

மூலக்குளத்தில் எங்கள் வீட்டு வழியாகத்தான் சாலை போகும். நிற்காமல் நடந்தேன். அப்பா மில்லில் இருப்பார், அம்மா கேள்வி கேட்பாள். முதலில் காகிதம், பிறகு அம்மா என்று முடிவு செய்திருந்தேன்.

நகரசபையை எங்கள் ஊரில் மேரி என்பார்கள். பிறப்பு இறப்புப் பதிவேடுகள் அங்கேதான். நான் பிறந்த காலத்தில் வீட்டார் டவுனில் மில்லுக்குப் பக்கத்தில் குடியிருந்தார்கள், அதனால் என் பதிவும் அங்கேதான். கிளார்க் ஒல்லியான மனிதர், பேனாவைக் காதில் செருகியிருந்தார். என் பேரையும் அப்பா பேரையும் கேட்டு, உள்ளே போய், பெரிய பதிவேடு ஒன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தார். நகலை எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு, "எதுக்கு தம்பி, கல்யாணத்துக்கா?" என்றார்.

"படிக்கறதுக்கு."

"இந்த வயசுலயா?"

நான் காகிதத்தைப் பார்த்தேன். அதன்படி எனக்கு இருபத்திமூன்று வயது.

"தப்பா எழுதியிருக்கீங்க சார். எனக்கு இருபது."

"நான் எழுதல. அப்ப ஒங்கப்பா நேர்ல வந்து சொல்லி, எழுதி, அவரே கையெழுத்து போட்டிருக்காரு. பொறந்த அன்னிக்கி நீ இருந்த, ஒங்கப்பா இருந்தாரு. ரெண்டு பேர்ல அவரு சொன்னதைத்தான் எழுத முடியும்."

திரும்பி மூலக்குளத்துக்கு நடந்தேன். அம்மா முறத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை வருடம் கழித்து என்னைப் பார்க்கிறாள்.

"மத்தியானம் இந்தப் பக்கமா போனது நீதானா? கையில செருப்ப எடுத்துக்கினு போறானே, இவன் ஒருத்தன்தான் அப்படிப் போவான்னு நெனச்சேன்."

சோறு போட்டாள். சாப்பிடும்போது காகிதத்தைக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அது என்ன காகிதம் என்பது தெரிந்திருந்தது.

"அது ஒங்கண்ணன் காயிதம்."

எனக்கு முன்னால் ஒரு குழந்தை பிறந்து போய்விட்டது என்று அரைகுறையாகத் தெரியும். அதற்கும் என் பேர்தான் என்று தெரியாது. தாத்தாவின் பேர். மூத்தவனுக்கு வைத்தார்கள். பதினோரு மாதத்தில் காய்ச்சலில் அவன் போய்விட்டான். தாத்தாவின் பேர் விட்டுப்போகக் கூடாது என்று அடுத்து வந்த எனக்கும் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான்.

"எனக்கு ஏன் தனியா எழுதல?"

"அவன் போனதையே ஒங்கப்பா எழுதல. எழுதறேன்னு கெளம்பி மேரி வாசல் வரைக்கும் போனாரு. போயிட்டு காப்பி குடிச்சிட்டு வந்துட்டாரு. அப்புறம் நீ பொறந்த. பேரு ஒண்ணு, காயிதம் இருக்குது, இன்னொண்ணு எதுக்குன்னுட்டாரு. நானும் சரின்னுட்டேன். ஒனக்கு அது போதலன்னு இன்னிக்கிதான் தெரியுது."

பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்ததும் அந்தக் காகிதத்தை வைத்துத்தான். வயதுக்கேற்ற உயரம் இல்லை என்று வாத்தியார் இரண்டு வருடம் மீன் எண்ணெய் குடிக்கச் சொன்னது எதனால் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மறுநாள் நண்பனையும் கூட்டிக்கொண்டு கிளார்க்கிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் பேனாவைக் காதிலிருந்து எடுத்து, திரும்பவும் காதிலேயே வைத்தார்.

"ஒங்கப்பா வந்து, பெரியவரு, அதாவது ஒங்கண்ணன், எறந்துட்டாருன்னு சொல்லி கையெழுத்து போடணும். பொறப்ப எழுதனவரே வரணும், வேற யாரும் கூடாது. அப்புறம் ரெண்டு சாட்சி வெச்சி நான் கோர்ட்டுக்கு அனுப்புவேன். மூணு வாரத்துல ஒனக்குப் புதுசா ஒரு பொறப்பு எழுதிக் குடுப்பாங்க."

"இருபது வயசுன்னு?"

"இருபதுன்னு. ஆனா ஒண்ணு தம்பி. நீ வெச்சிருக்கற செர்த்திபிகா பழைய பொறப்புல வாங்கனது. அது பெரியவருது ஆயிடும். ஒனக்குப் படிப்பு கெடையாது."

நண்பன் அவசரமாக, "அவருதான் பதினோரு மாசத்துல போயிட்டாரே சார், அவரு எப்படி பரீட்ச எழுதியிருப்பாரு?" என்றான்.

"அதத்தான் கோர்ட்டும் கேக்கும். அதனால அத்த காட்டாம இருக்கறது நல்லது."

விஷயம் இதுதான். அண்ணனுக்குப் படிப்பு இருந்தது, வயது கூடிவிட்டது. எனக்கு வயது சரியாக இருந்தது, படிப்பு இல்லை. பிரான்ஸுக்குப் போகத் தகுதியான ஆள் எங்கள் இரண்டு பேரிலும் இல்லை.

கிளார்க்தான் வழி சொன்னார். செர்த்திபிகா பரீட்சை வருடத்துக்கு ஒரு தடவை. அது ஐந்து வாரத்தில் வர இருந்தது. மறுபடியும் எழுதலாம். பிறப்புக் காகிதத்தைப் பின்னால் கொடுத்தால் போதும், ஆனால் கொடுக்கிற வரைக்கும் சான்றிதழ் கைக்கு வராது. விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாளுக்குள் எல்லாம் முடிந்துவிடும், அப்பா வந்தால்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நிலத்தை விட்டு மில்லுக்குப் போன நாளிலிருந்து அவர் பேசுவதைக் குறைத்துக்கொண்டவர். தறிச் சத்தத்தில் பேசினால் கேட்காது என்பதால் வந்த பழக்கம் என்பாள் அம்மா.

"மேரிக்கு ஒரு தடவ வரணும்பா."

"எதுக்கு?"

சொன்னேன். அவர் பெடலைச் சுற்றிச் சங்கிலி ஓடுவதைப் பார்த்தார்.

"எத்தினி மாசம்?"

"ஆறு."

"எந்த எடத்துல நீ ஆறு மாசம் இருந்திருக்க?"

"விழுப்புரத்துல ஏழு இருந்தேன்."

"குண்டக்கல்லுல இருக்கேன்னு ஒரு கார்டு வரும். யாருகிட்டயாவது குடுத்துப் படிச்சிக் கேக்கறதுக்குள்ள பெஜவாடாவுல இருக்கேன்னு இன்னொண்ணு வரும்." துணியால் கையைத் துடைத்துக்கொண்டார். "எனக்குப் பொறந்ததுல ஒருத்தன்தான் வெச்ச எடத்துல, அந்தப் புத்தகத்துல, இருக்கான். அவன எழுந்து போச் சொல்றியா?"

அவர் சைக்கிளை நிமிர்த்திக்கொண்டு போய்விட்டார்.

அப்பா மனது மாறுவார் என்ற கணக்கில் மற்ற ஏற்பாடுகளைச் செய்தேன். நண்பனும் அதே பள்ளிக்கு விண்ணப்பித்திருந்தான். அவனுக்குத் தன் விண்ணப்பத்தில் ஒரு சிக்கலும் இல்லாததால் என்னுடையதைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருந்தது. சாயங்காலம் மருந்துக் கடை பூட்டியதும் அவன் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும், பரீட்சையில் வரும் சொல்லெழுத்துக்காக. ஒரு பத்தியில் பதினேழு தப்பு வந்தது. "மீன் எண்ண குடிச்சும் பிரயோஜனமில்ல மச்சான்" என்றான்.

தொழிற்பள்ளி அனுப்பிய பட்டியலில் முதல் பொருள் கம்பளி ஓவர்கோட். எங்கள் ஊரில் அதை விற்பவர் இல்லை. ஆனால் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றவர்களின் வீடுகளில் பெட்டிக்குள் ஒன்று இருக்கும். கருவடிக்குப்பத்தில் ஒரு சொல்தாவின் விதவை இருக்கிறாள் என்று நண்பன் கூட்டிப்போனான். சொல்தா என்றால் சிப்பாய். அந்த அம்மாள் கற்பூர உருண்டைகளை உதறிவிட்டுக் கோட்டை எடுத்து என் தோளில் வைத்து அளந்தாள். முழங்காலுக்குக் கீழே வந்தது.

"எங்க ஊட்டுக்காரரு ஒசரம். நீ அங்க போயி வளந்துடுவ."

"எவ்வளவும்மா குடுக்கணும்?"

"வெல இல்ல. திரும்பி வந்ததும் திருப்பிக் குடு."

"திரும்பி வரலன்னா?" என்றான் நண்பன்.

"அப்ப அது பிரான்ஸுக்குத் திரும்பிப் போச்சின்னு வெச்சிக்கறேன். அங்கேருந்து வந்ததுதானே." பிறகு என்னிடம், "அங்க வாரத்துக்கு ஒரு நாள்தான் குளிப்பாங்க. நீ தெனம் குளிக்கறேன்னு சொல்லாத. பைத்தியம்னு நெனப்பாங்க" என்றாள்.

ஆனி மாத வெயிலில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்து பழகினேன். முதல் நாள் பத்து நிமிடம், இரண்டாம் நாள் பதினைந்து. இரவல் வாங்கிய பூட்ஸும் போட்டுக்கொண்டேன். ஷிப்டு முடிந்து வந்த அப்பா வாசலில் நின்று பார்த்தார்.

"ஜொரமா?"

"இல்ல. குளிருக்குப் பழகிக்கறேன்."

"குளுரு எங்க இருக்குது?"

"அங்க."

"அங்க இருக்கற குளுருக்கு இங்க எதுக்குடா வேர்க்கற?" என்று கேட்டுவிட்டுக் கால் கழுவப் போனார். அந்த ஒரு வாரத்தில் அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

சும்மா உட்கார்ந்து சாப்பிடுவது எனக்கு ஒத்துவராது. காலை வேளையில் கடற்கரைக்குப் போனேன். பழைய இரும்புப் பாலம் புயலில் போன பிறகு, தெற்கே புதிதாகக் கப்பல் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கருங்கல் சுமக்கும் வேலை கிடைத்தது. அங்கே சிமென்ட் தூண்களைக் கடலுக்குள் அடித்து இறக்க ஒரு எஞ்சின் இருந்தது. அது ஒரு பெரிய இரும்புக் கட்டியை மேலே தூக்கி தூணின் தலையில் போடும். ஒவ்வொரு அடிக்கும் கரையில் நிற்கிறவன் காலில் அதிரும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் அதன் பக்கத்தில் போய் நிற்பேன். ஒரு நாள் மேஸ்திரி பார்த்துவிட்டார்.

"எத்தினி வயசு ஒனக்கு?"

"இருபது."

"இருபத்தொண்ணு ஆவாதவன் எஞ்சின் கிட்ட வரக் கூடாது. ரூல். கை போச்சின்னா ஒங்கப்பன் எங்கிட்டதான் வந்து கேப்பான். எண்ண விடற ஆயில்மேன் ஓடிப்போயி ஆள் இல்லாமதான் கெடக்குறேன், அதுக்காக சின்னப் பையன வெச்சிக்க முடியாது. போ, கல்லத் தூக்கு."

கல்லைத் தூக்கினேன். ஆனாலும் எனக்கு இருபது என்று ஒரு மேலதிகாரியிடம் சொல்லி அவர் அதை நம்பியது அதுவே முதல் தடவை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

பரீட்சை அன்று ஃபோட்டோவுக்காக வாங்கிய வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். அறைக்குள் நுழைந்ததும் முப்பது பிள்ளைகள் எழுந்து நின்று, "போன்ழூர், முசியே" என்று வாத்தியாருக்குச் சொல்வதுபோல் வணக்கம் சொன்னார்கள். அவர்களுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். உட்காருங்கள் என்று நான் சொல்லாததால் நின்றுகொண்டே இருந்தார்கள். நான் கடைசிப் பெஞ்சில் போய் முழங்காலை மடக்கி உட்கார்ந்த பிறகும் பாதிப் பேர் நின்றார்கள். பரீட்சை வைக்க வந்தவர் என்னைப் பார்த்து, "பிள்ளையைக் கொண்டாந்து விட்டாச்சில்ல, நீங்க வெளியே இருக்கலாம்" என்றார்.

"பிள்ளை நான்தான் சார்."

அவர் சீட்டை வாங்கிப் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் படித்தார். "முழங்கால் இடிக்குதுன்னா பக்கவாட்டுல உக்காந்துக்க" என்றார். நல்ல மனிதர்.

சொல்லெழுத்தில் ஒரு பத்தி முழுக்கத் திராட்சைத் தோட்டத்தைப் பற்றி இருந்தது. கணக்கில் ஒரு தொட்டி நிரம்பவும் ஒழுகவும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டிருந்தார்கள். ரயில் கொட்டகையில் தண்ணீர்த் தொட்டியோடு மல்லுக்கட்டியவனுக்கு அது சிரமமில்லை. பத்து நாளில் முடிவைப் பலகையில் ஒட்டினார்கள். தேறியிருந்தேன். என் பேருக்கு எதிரே மட்டும் 'பிறப்புக் காகிதம் வர வேண்டும்' என்று எழுதியிருந்தது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மா அப்பாவிடம், "சின்னப் புள்ளங்களோட உக்காந்து எழுதிட்டு வந்திருக்கான்" என்றாள்.

"பாசா?"

"பாசாம்."

"எத்தினி பேர்ல?"

"முப்பத்தோரு பேர்ல இருவத்திரண்டாவது" என்றேன்.

அவர் மோரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, "வெள்ளிக்கெழம ஷிப்டு மாத்திக்கறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை அப்பா சலவைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன். மேரி வாசலில் சைக்கிளை நிறுத்திப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். எதிர்ப் பக்கம் காப்பிக் கடை இருந்தது. அவர் அதைப் பார்ப்பதை நான் பார்த்தேன். ஆனால் உள்ளேதான் வந்தார்.

கிளார்க் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார். கோர்ட்டுக்குப் போக வேண்டிய தாள் எழுதி முடித்திருந்தது, தேதியும் கையெழுத்தும் மட்டும் பாக்கி. சாட்சிக்கு என்று நண்பன் இரண்டு பேரை நிறுத்தியிருந்தான். கிளார்க் பதிவேட்டை விரித்து அப்பா பக்கம் திருப்பினார்.

"இது ஒங்க கையெழுத்துதானே பெரியவரே?"

அப்பா குனிந்து பார்த்தார். அவருக்கு எழுதத் தெரிந்தது கையெழுத்து ஒன்றுதான். மை பழுப்பாகியிருந்தது. முதல் எழுத்து பெரிதாகவும், போகப் போகச் சிறிதாகவும், இடம் போதாமல் கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கியும் இருந்தது.

"ஆமா."

"ரைட்டு. இதுல இருக்கறவருக்கு இப்ப இருபத்திமூணு வயசு நடக்குது. எழுத்துல அப்படித்தான் இருக்கு. இவரு எந்தத் தேதியில எறந்தாருன்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

அப்பா கட்டைவிரலை அந்தக் கையெழுத்தின் மேல் வைத்திருந்தார். கிளார்க் பேனாவை மையில் தொட்டுக் காத்திருந்தார். சாட்சிகளில் ஒருவர் இருமினார்.

"எறக்கல" என்றார் அப்பா.

கிளார்க் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

"எறக்கலன்னா, இவரு எங்க இருக்காரு இப்ப?"

அப்பா என் பக்கம் தலையை அசைத்தார். "இதோ நிக்கறானே. இவன்தான்."

"நல்லா யோசிச்சி சொல்லுங்க பெரியவரே. பையன் படிப்புக்குக் கேக்கறான்."

"யோசிச்சிதான் சொல்றேன். எனக்கு ஒரே புள்ள. அது இவன்."

கிளார்க் பேனாவைத் துடைத்தார். பதிவேட்டை மூடினார். உண்மையைச் சொன்னால், அந்த அறையில் நிம்மதியாக இருந்தவர் அவர் ஒருவர்தான். "அப்ப நம்ம புத்தகத்துல ஒரு தப்பும் இல்ல" என்றார். அப்பா சைக்கிளைப் பார்க்க வெளியே போனதும் என்னிடம் குரலைத் தாழ்த்தி, "அம்மாவ சாட்சி வெச்சி கோர்ட்டுல தனியா போடலாம் தம்பி. ஆனா ஒங்கப்பா பொய் சொல்றாருன்னு நீ நின்னு சொல்லணும். பாத்துக்க" என்றார்.

காப்பிக் கடையில் அப்பா எனக்கும் சேர்த்து இரண்டு சொல்லியிருந்தார். இருபது வருடத்துக்கும் முன்னால் அவர் குடித்ததும் இந்தக் கடையில்தானா என்று நினைத்துக்கொண்டேன். கோர்ட்டைப் பற்றிக் காப்பி ஆறுகிற வரைக்கும் யோசித்தேன். அவர் பொய் சொல்கிறார் என்று சொல்ல வேண்டியவன் நான். அவர் இவன்தான் என்று கை காட்டியதும் என்னைத்தான். காப்பியைக் குடித்தேன்.

அப்பா தம்ளரைக் கீழே வைத்தார்.

"இருபத்திமூணு வயசாம் அவனுக்கு."

"ஆமா."

"கல்யாணம் ஆயிருக்கும்" என்றார். பிறகு சைக்கிளைத் திருப்பினார்.

சாயங்காலம் நண்பனிடம் கோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் என்னைவிட உயரம், அவனுக்கு அது முழங்காலோடு நின்றது.

"ஒங்கப்பா ஒரு தேதி சொல்லியிருந்தா போதுமேடா. மறந்துட்டாரா?"

"மறக்கல."

"அப்புறம் இன்னா?"

"திருப்பிக் குடுக்கணும், அந்தம்மா சொன்னத மறக்காத" என்றேன். அவன் பம்பாயில் கப்பல் ஏறும் வரைக்கும் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. ஆறு மாதத்துக்கு என்று போனவன் வரவில்லை. கோட்டும் வரவில்லை.

கோட்டைக் கொடுத்த மறுநாள் காலை வழக்கம்போல் பாலத்து வேலைக்குப் போனேன். கல் சுமக்கும் வரிசையில் நிற்காமல் மேஸ்திரியிடம் போய், மேரியில் வாங்கிய நகலையும் பழைய செர்த்திபிகாவையும் நீட்டினேன். அவர் பிறப்புக் காகிதத்தைத் தூரத்தில் பிடித்துப் படித்தார்.

"அன்னிக்கி இருபதுன்னியே?"

"எழுத்துல இருபத்திமூணு."

"எழுத்துதான் கணக்கு." செர்த்திபிகாவையும் பார்த்தார். "படிச்சிட்டு எதுக்குடா இத்தினி நாளா கல்லு தூக்கின?"

"காகிதம் நேத்துதான் முடிவாச்சி."

நீளமான மூக்கு வைத்த எண்ணெய்க் குவளை ஒன்றைக் கையில் கொடுத்தார். ஆள் கணக்கு எழுதுகிறவர் நோட்டை விரித்துப் பேர் கேட்டார். எங்கள் பேரைச் சொன்னேன். மேஸ்திரி எஞ்சினின் பக்கத்து மூடியைத் திறந்து, எங்கெங்கே எண்ணெய் விட வேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டினார். ஒன்பது இடம். முதல் இடத்திலிருந்து ஆரம்பித்தேன்.